யார் சொன்னாலும் நிறுத்தணும்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். வாசல் காவலாளி முதல் எதிர்வீட்டில் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள் வரை அப்படித்தான் சொல்வார்கள். கிரேனை விட்டு அவர் இறங்கிச் சில வருடங்கள் ஆகியும், பெயர் மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

சரக்கு யார்டில் பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைப்பது அவர் வேலை. காலையில் ஏணி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடும் அங்கேயேதான். கீழே பெட்டிக்குக் கொக்கி மாட்டிவிட்டுக் கையால் சைகை காட்ட ஒரு ஆள் இருப்பார். பல வருடம் அவருக்கு வாய்த்தது ஒரே ஆள். எல்லோரும் அவரைக் கொக்கி என்றே கூப்பிட்டார்கள். உடம்பும் அப்படித்தான், ஒல்லியாக, கழுத்து மட்டும் முன்னால் வளைந்து. மேலே இருப்பவர் பேசினால் கீழே கேட்காது, கீழே கத்தினால் மேலே கேட்காது. ஆக, வேலை நேரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலே சிநேகிதர்களான இருவர் அவர்கள்.

யானைக்கும் அடி சறுக்கும். கிரேன்காரருக்குச் சறுக்கிய இடம் முடிதிருத்தும் கடை வாசல். அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள்.

"அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். முடிய வெட்டிக்கப் போயி முதுக ஒடச்சிக்கிட்டு வந்தேன்" என்று முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. கைகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் கனத்த உடம்பு, பல வருடம் லீவர் பிடித்துத் தேய்ந்த தோள்கள். கையை ஊன்றித் தானாக நகர்ந்து நாற்காலிக்கு வர முடியாது. அதற்காகக் கட்டில் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு மெஷின் நின்றது. ஒரு கம்பம், அதிலிருந்து நீளும் கை, கை நுனியில் கொக்கி. உடம்புக்கு அடியில் துணித் தொட்டிலை விரித்து, அதன் பட்டைகளைக் கொக்கியில் மாட்டி, வயர் போட்ட ரிமோட்டை அழுத்தினால் ஆள் மெல்ல மேலே எழும்புவார். குட்டி கிரேன்தான். அதில் இப்போது சரக்கு அவர்.

நான் வீட்டுப் பராமரிப்பு உதவிகளை ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. அதுவரை அவருக்கு ஒரு நிறுவனம்தான் உதவியாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்பது அவர்கள் வசதி. காலையில் இருவர் வந்து எழுப்பிக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்காரவைக்கும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். சாயங்காலம் வேறு இருவர் வந்து வெயில் இறங்கும் முன்பே படுக்கையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

"வெளிச்சம் இருக்கறப்ப கோழியக்கூட யாரும் கூண்டுல அடைக்க மாட்டாங்கம்மா" என்றார்.

இப்போது புதிய ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. உதவி பெறுகிறவரே தனக்கு வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நேரத்தில் வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்பதையும் அவரே சொல்லலாம். தேர்ந்தெடுத்த ஆளுக்கு நாங்கள் பயிற்சியும் சம்பளமும் கொடுப்போம். இதை விளக்கத்தான் நான் போயிருந்தேன்.

அவர் மகள் கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் கடை அடைத்த பிறகுதான் வீடு. நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆள நாமளே தேடணும், நேரத்த நாமளே பாக்கணும். அப்போ நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க கை கழுவிடுவீங்க. அப்படித்தானே?"

"கை கழுவ மாட்டோம்க்கா. நாங்க வந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவர் போனதும் கிரேன்காரர் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு வேலைக்குக் கிளம்புறப்போ நான் படுத்துக் கெடக்கேன். திரும்பி வர்றப்பவும் படுத்துக் கெடக்கேன். அவ என்ன உக்காந்து பாக்குறதே லீவு நாள்லதான். காலைல அவ கிளம்பறதுக்கு முன்னாடி நான் குளிச்சு, சட்டை போட்டு, அந்த மேஜைகிட்ட உக்காந்திருக்கணும். அவகூட ஒரு டீ குடிக்கணும். அவ்வளவுதான்மா எனக்கு வேணும். மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணா எழுதிக்கோங்க."

"இத அக்காகிட்டயே சொல்லலாமே?"

"சொன்னா எனக்காக வேலைக்கு லேட்டாப் போறேன்னு சொல்லிடுவா. தெரியாதா எனக்கு?"

யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். முன்பே யோசித்துவைத்திருந்தார் போல. "கொக்கி" என்றார்.

உள்ளேயிருந்து மகளின் குரல் பறந்து வந்தது. "கொக்கி மாமாவா? அவருக்குத் தன் சட்டைப் பொத்தானையே ஒழுங்காப் போடத் தெரியாதுப்பா!"

"பொத்தான் நான் போட்டுக்கறேன். எனக்குக் கை இருக்கு."

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு எந்த டாக்டர், எந்தச் செருப்பு என்பதுவரை என்னைத்தான் கேட்கிறார்கள். பல நேரம் அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிடுகிறேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அப்பா எத்தனை மணிக்கு எழ விரும்புவார் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

கொக்கிக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் நர்ஸ் அக்கா வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பொம்மை ஒன்றைக் கட்டிலில் கிடத்தி, தொட்டிலை எப்படி விரிப்பது, எப்படிப் புரட்டுவது, தூக்கும்போது கால்களை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கொக்கி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "லோடு எத்தன கிலோ?" என்றார்.

"லோடா? மனுஷன்யா."

"அட, மனுஷனுக்கும் எடை இருக்குமில்ல?"

பட்டை மாட்டுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். நான்கு மூலையும் சமமாக வந்த பிறகுதான் கொக்கியில் போட்டார். குளிப்பாட்டத்தான் அவருக்குக் கூச்சம். நர்ஸ் அக்கா அதட்டி அதட்டிப் பழக்கினார். "இப்படிப் பட்டும் படாம தேச்சா அழுக்கு எப்படிய்யா போவும்? வெள்ளிப் பாத்திரமா அவரு?"

"பல வருசமா தூரத்துல நின்னு பாத்த ஆளும்மா. கிட்டத்துல பாக்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார் கொக்கி. கட்டிலில் இருந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ரிமோட் யார் கையில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் ஒரு சிறு தகராறு. நிறுவனத்தின் ஆட்கள் அதை அவர் கையில் கொடுத்ததே இல்லை. வழக்கமாக உதவியாளர்தான் வைத்திருப்பார் என்று நர்ஸ் அக்காவும் சொன்னார். "என்னைத் தூக்கறதுக்கு எனக்குத் தெரியாதா? ஊருல இருக்கிற பாரத்தையெல்லாம் தூக்குனவன்" என்றார் கிரேன்காரர். கையில் கொடுத்துப் பார்த்தோம். ஒரு குலுக்கல் இல்லாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோலத் தன்னைத் தானே தூக்கிக்கொண்டார். நர்ஸ் அக்கா உதட்டைப் பிதுக்கி, "சரி, உங்க இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் தனியாகச் செய்யும் முதல் நாள், பார்ப்பதற்காக நான் காலையிலேயே போனேன். மகள் சமையலறையில் அவசரமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். குளியல் முடிந்து தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிரேன்காரர் கட்டிலில் இருந்தார். சக்கர நாற்காலி தயாராக இருந்தது. கொக்கி தொட்டிலை மாட்டினார். மூலைகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவர் ஓரமாகப் போய் நின்றார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றினார். தூக்கு என்று அர்த்தம்.

கிரேன்காரர் அவர் விரலைப் பார்த்தபடியே ரிமோட்டை அழுத்தினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் வேலையில் இருந்தார்கள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அதனால் கால்களை யாரும் பிடிக்கவில்லை என்பது எனக்கும் உறைக்கவில்லை.

எழும்பியதும் உடம்பு லேசாகத் திரும்பியது. தொங்கிய இடது கால் ஊசலாடி, கட்டிலின் இரும்பு விளிம்பில் போய் உரசியது. அவர் முகம் மாறவேயில்லை. வலி தெரிந்தால்தானே மாறும்? கொக்கியின் கண் மேலே பட்டைகளில் இருந்தது. சமையலறையிலிருந்து டம்ளரோடு வந்த மகள்தான் தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!"

கிரேன்காரரின் கட்டைவிரல் அந்தக் கணமே ரிமோட்டை விட்டு விலகியது. ஆள் அந்தரத்தில் நின்றார்.

"என்னப்பா பாத்துக்கிட்டு இருக்கீங்க, இறக்குங்க! கால்ல ரத்தம்!"

அவர் இறக்கவில்லை. கொக்கியைப் பார்த்தார். கொக்கி மகளைப் பார்த்தார். "நிறுத்துன்னு சொன்னது நீ தானேம்மா. சரியாயிடுச்சுன்னு நான் பாத்தாத்தானே கை காட்ட முடியும்?"

"மாமா, இது யார்டு இல்ல! வீடு! எங்கப்பா!"

மகள் டம்ளரைத் தரையிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டார். அப்போதுதான் கொக்கி சுவரை விட்டு வந்தார். விரலைக் கீழே காட்டினார். கிரேன்காரர் மெல்ல இறங்கினார்.

காயம் பெரிதில்லை. தோல் கிழிந்திருந்தது. ஆனால் உணர்ச்சி இல்லாத காலில் சின்னக் காயமும் ஆறாமல் புண்ணாகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் கட்டுப் போட்டார்.

"நாளைலேருந்து பழைய ஆளுங்களே வரட்டும்" என்றார் என்னிடம். "எழுதிக்கோங்க. உங்க கண் முன்னாடிதான் நடந்துச்சு."

அன்று அவர் கடைக்குப் போகவில்லை. கிரேன்காரர் நாற்காலிக்கும் வரவில்லை.

அலுவலகத்தில் மேலாளரிடம் சொன்னேன். "முதல் நாளே காயமா? பழைய ஏற்பாட்டுக்கே மாத்திடு. வேலியில போற ஓணான எடுத்து எதுக்கு மடியில விட்டுக்கணும்?" என்றார்.

மாற்றுவதற்கு முன் நிறுவனம் இருந்த காலத்துப் பதிவுகளைப் பார்த்தேன். அவர்கள் தூக்கும்போதும் அவருக்கு அடிபட்டிருந்தது. ஒரு முறை முழங்கை, ஒரு முறை விரல். அப்போதெல்லாம் 'எதிர்பாராதது' என்று எழுதி, மறுநாளும் அதே ஆட்களையே அனுப்பியிருந்தார்கள். அவராகத் தேர்ந்தெடுத்த ஆளிடம் பட்டால் மட்டும் அது அவருடைய தப்பா? அப்படி நினைத்தேன். உடனே எதிராகவும் ஒன்று தோன்றியது. அந்தப் புண் அழுகியிருந்தால் இந்த நியாயம் பேச எனக்கு வாய் இருந்திருக்குமா? இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில், முடிவெடுக்கும் முன் அவர்கள் வீட்டிலேயே ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடலாம் என்று மட்டும் மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

மகளின் வார விடுமுறை நாளில் போனோம், நானும் நர்ஸ் அக்காவும். கொக்கி ஸ்டூலில், பள்ளியிலிருந்து பெயிலாகி வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன்யா சுவத்துல போய் ஒட்டிக்கிட்ட? காலப் பிடிக்கணும்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று நர்ஸ் அக்கா ஆரம்பித்தார்.

"சொன்னீங்கம்மா. பொம்மைக்குப் பிடிச்சேனே. ஆனா அவரு மேல எழும்பினதும் என் கால் தானாப் பின்னால போயிடுச்சு. தொங்குற லோடுகிட்ட நிக்கக் கூடாது, கைய வெக்கக் கூடாது. அப்படி வெச்சவன் நசுங்கினத என் கண்ணால பாத்திருக்கேன். வயசுப் பையன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "பழக்கம்மா."

கிரேன்காரர்தான் பேசினார்.

"அவன் மேல தப்பு இல்ல. நானும்தான் அவன் வெரலப் பாத்துக்கிட்டு இருந்தேன். மேல கூண்டுல உக்காந்திருக்கறதா ஒரு நெனப்பு. கீழ தொங்குறதும் நான்தான்னு மறந்தே போச்சு." மகள் பக்கம் திரும்பினார். "நீ பழைய ஆளுங்கள வரச் சொல்லணும்னா சொல்லு. ஆனா ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ நிறுத்துன்னு சொன்ன. நான் நிறுத்தினேனா இல்லையா?"

"நிறுத்தினீங்க. அப்புறம் இறக்கத்தான் மாட்டேன்னீங்க."

"அது வேற. எங்க வேலையில தூக்கு, இறக்குன்னு சொல்ல ஒரே ஒருத்தனுக்குத்தான் உரிமை. ஆனா நிறுத்துன்னு யாரு சொன்னாலும் நிறுத்தணும். பெருக்குறவங்க சொன்னாலும், டீ கொண்டு வர்றவன் சொன்னாலும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. மொதல்ல நிறுத்திட்டு அப்புறம்தான் பேச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்தக் கட்டில்ல வந்து விழுந்த நாள்லேருந்து எத்தன தடவ நிறுத்துங்கன்னு சொல்லியிருப்பேன். தண்ணி சுடுது, நிறுத்துங்க. கை மாட்டிக்கிச்சு, நிறுத்துங்க. இப்பப் படுக்க வேணாம், நிறுத்துங்க. 'இதோ ஆச்சு தாத்தா, இதோ ஆச்சு'ன்னுவாங்க. ஒருத்தரும் நிறுத்தல. நீயும்தான்."

மகள் நிமிர்ந்து பார்த்தார். "நானா?"

"நீயும்தான். நகம் வெட்டறப்போ."

மகளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உங்க நகத்த அப்படியே விட்டா இந்த ரிமோட்டைப் பிடிக்க முடியுமா?" என்றார்.

"அக்கா, உங்கப்பாவுக்கு எதுக்குக் காலைலயே ரெடியாகணும்னு கேட்டீங்களா?" என்றேன் நான். கிரேன்காரர் என்னை முறைத்தார். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்குப்பா?"

"டீ குடிக்க" என்றார் அவர், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"டீ குடிக்கவா?"

"உன்கூட."

மகள் எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"கொக்கி மாமா, கால்ல கை இல்லாம அவரு ஒரு அங்குலம் நகரக் கூடாது."

"சத்தியமாம்மா."

"நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"அதுதான் ஏற்கனவே இருக்கே" என்றார் கிரேன்காரர். "அதே மாதிரி நான் சொன்னா நீயும் நிறுத்தணும். நகம் வெட்டறப்போவும்."

நர்ஸ் அக்கா மறுபடி சில நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் கொக்கியை நிறுத்தி, ஒரு கை எப்போதும் கிரேன்காரரின் முழங்காலுக்கு அடியில் இருக்க, மறு கையால் மட்டும் சைகை காட்டப் பழக்கினார். பாவம், கொக்கியின் உடம்பு ஒவ்வொரு முறையும் பின்னால் போகப் பார்த்தது. நர்ஸ் அக்கா பின்னால் மலை மாதிரி நின்றதால் போக வழியில்லை.

புதிய ஏற்பாடே தொடரட்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்தார். "நாளைக்கு ஏதாவது ஆனா உன் தலையிலதான் விடியும்" என்றார். அது மிரட்டல் இல்லை, உண்மை. சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் அவ்வப்போது எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

காயம் ஆறிய பிறகு ஒரு நாள் காலையில் போனேன். மேஜையில் இரண்டு டம்ளர் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. மகள் தோளில் பையோடு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் இல்லாமலும் நின்றார். கிரேன்காரர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அந்தரத்தில் வந்துகொண்டிருந்தார். முழங்காலுக்கு அடியில் கொக்கியின் கை இருந்தது.

"நிறுத்துங்க" என்றார் மகள்.

எல்லாம் நின்றது. கொக்கியின் முகம் வெளுத்தது. "என்னம்மா? கால் பிடிச்சுத்தானே இருக்கேன்?"

மகள் பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். தொட்டில் துணியில் சிக்கி மடங்கியிருந்த அப்பாவின் சட்டைக் காலரை எடுத்துவிட்டார். கழுத்தில் காய்ந்திருந்த சோப்பு நுரையைக் கட்டைவிரலால் துடைத்தார். பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. அதையும் சரிசெய்தார். அந்தரத்தில் தொங்கிய மனிதர் மோவாயை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"டீ ஆறுது" என்றார் கடைசியில்.

"ஆறட்டும்" என்றார் மகள். இன்னொரு முறை தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ம்ம், சரி" என்றார்.

கிரேன்காரர் கொக்கியைப் பார்த்தார். கொக்கி விரலைக் கீழே காட்டினார்.